கூப்பிட்டுப் பார்க்காத நம்பர்

கரமனை, திருவனந்தபுரம்
27-11-2005, ஞாயிறு

அன்பு மகள் லிபிக்கு,

அப்பா எழுதுகிறேன். தேவ கிருபையால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க முடியாது. நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், அதை நான் பாதிதான் நம்பினேன், போன மாதம் அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது, டூட்டி மாறி மாறிப் பார்க்கிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயோ என்னவோ, நீ சொல்லித்தானே எனக்குத் தெரியவேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை, தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இடித்துக்கொண்டு வருகிறது. இன்று ஆலயத்தில் அட்வென்ட் ஆரம்பம், கிறிஸ்துமஸுக்கு இனி நான்கு வாரம்தான், அம்மா முழங்காலோடு பாட்டுக்குழுவில் நின்றே பாடினாள், உட்காரச் சொன்னதற்கு என்னை முறைத்தாள். புதிதாக கேஸ் கொண்டுவருகிறவனை நான் மூன்று தடவை அடையாள அட்டை கேட்டேனாம், அடுத்த சிலிண்டர் வந்தால் நீயே தூக்கிக்கொள் என்று அதற்கும் ஒரு சண்டை. உனக்குத்தான் தெரியுமே, நான் பால்காரனையும் நம்புகிறவன் இல்லை, பஞ்சாயத்து நோட்டீஸையும் நம்புகிறவன் இல்லை.

கம்ப்யூட்டரில் அனுப்பாமல் கையால் எழுதுகிறேனே என்று பார்ப்பாய். ஸ்கூல் லேபில் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பேர் நின்று படிப்பார்கள், அதோடு எனக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது, இந்த விஷயத்தை இங்கிலீஷில் சொன்னால் நான் என்னை அறியாமலே கொஞ்சம் மழுப்பிவிடுவேன் என்றும் பயமாக இருக்கிறது. 17ஆம் தேதி உனக்கு இரண்டே வரியில் ஒரு மெயில் அனுப்பினேன் அல்லவா, அந்த ரத்தம் கேட்ட மெயில் உண்மைதான், எல்லோருக்கும் எழுதிவிடு என்று. அதற்கு நீ, அப்பா நீங்கள்தானே அந்த நம்பருக்குப் போன் செய்து பார்த்ததாகச் சொன்னீர்கள், பின்னே எப்படி என்று கேட்டிருந்தாய். பத்து நாளாக அதற்குப் பதில் போடவில்லை. இந்தக் கடிதம்தான் அதற்குப் பதில். நான் அந்த நம்பருக்குப் போன் செய்யவே இல்லை, லிபி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூகப் பாடத்தோடு கம்ப்யூட்டரையும் என் தலையில் கட்டினார்கள், எனக்கு ஓய்வுபெற மூன்று வருஷம்தான் இருக்கிறது என்றால் யார் கேட்கிறார்கள். பிள்ளைகள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டன. கிழக்கேகோட்டையில் இன்டர்நெட் கஃபே வந்ததிலிருந்து ஆளுக்கொரு பிரின்ட் அவுட்டோடு வரும். மனித முகம் கொண்ட பாம்பு, பத்துப் பேருக்கு அனுப்பினால் கிடைக்கும் இலவச மொபைல், அடுத்த மாதம் கடல் மறுபடி பொங்கும் என்று யாரோ ஒரு விஞ்ஞானி சொன்னது. அந்தக் கடைசிச் சமாசாரத்தைப் படித்துவிட்டு வலியதுறைக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை இரண்டு நாள் ஸ்கூலுக்கே வரவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இதற்கென்று ஒதுக்கினேன். ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதை எழுதியது யார், எப்போது, அவனுக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்கவேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். முப்பது வருஷமாக என்னைச் சந்தேகப்பிராணி என்று பரிகாசம் செய்த ஸ்டாஃப் ரூமில் இப்போது, தாசையன் ஸாரிடம் காட்டினீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது எழுதுகிறேன், அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் மெயில் வந்தது. உலகம்மை, வயது 26, கர்ப்பப்பையில் கட்டி, 15ஆம் தேதி ஆப்பரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் மூன்று பேர் வேண்டும், இரண்டு பேர் கிடைத்தாயிற்று, இந்த நம்பரில் கூப்பிடவும். நம் ஊர் ஆஸ்பத்திரி, நம் ஊர் நம்பர். அது மஸ்கட்டுக்குப் போய், அங்கே ஒரு நர்ஸ் உனக்கு அனுப்பி, நீ எனக்கு அனுப்பியிருந்தாய், அப்பா யாரிடமாவது சொல்லுங்கள் என்று. நான் அதைப் படித்ததும் சிரித்தேன். 15ஆம் தேதி என்றால் எந்த மாதம், எந்த வருஷம்? ஆஸ்பத்திரி பெயரில் எழுத்துப் பிழை. அடியில் போனால், இதை அனுப்புகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி பணம் கொடுக்கிறது என்று ஒரு வரி, அதற்கும் கீழே, அனுப்பாதவர் வீட்டில் ஏழு நாளில் துக்கம் நடக்கும் என்று இன்னொரு வரி. வெள்ளிக்கிழமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று பிரின்ட் எடுத்துக்கொண்டேன்.

11ஆம் தேதி வகுப்பு அமர்க்களமாகப் போனது. பிழைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஒருத்தன் எழுந்து, ஸார், நம்பர் இருக்கிறதே, அதைக் கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டான். சரியான கேள்வி. நான் நான்கு வாரமாகச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு நான், "கூப்பிட்டுப் பார்த்தாச்சு, அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுது" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது, வகுப்பு அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது, கூப்பிட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும் என்று எனக்கு உறுதி. பொய் சொல்கிறோம் என்கிற எண்ணம்கூட இல்லை. அதே வாயோடு சாயங்காலம் வெளிநாட்டுக்குப் பேசுகிற பூத்தில் இருந்து உன்னைக் கூப்பிட்டு, படித்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், இப்படிக் கண்டதை அனுப்பலாமா என்று திட்டினேன். நான் போன் செய்து விசாரித்தாயிற்று என்று உன்னிடமும் சொன்னேன். நீ மறுநாளே யார் யாருக்கு அனுப்பியிருந்தாயோ அந்த முப்பத்திரண்டு பேருக்கும், மன்னிக்கவும், அது பொய், என் அப்பா ஆசிரியர், அவர் நேரில் விசாரித்தார், இந்த நம்பர் மோசடி நம்பர் என்று எழுதினாய். எனக்கும் ஒரு காப்பி வந்தது. அதையும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன், வகுப்பில் காட்டலாம் என்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெயஷீலா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சாலை மார்க்கெட்டில் கீரை விற்கிறவரின் மகள், முன் பெஞ்சு, வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். தயங்கித் தயங்கி, "ஸார் அந்த நம்பருக்கு எப்பம் விளிச்சீங்க? நான் தப்பா விளிச்சேனான்னு தெரியல்ல" என்றாள். நான் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன், ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பாய் என்று எழுதி வா என்று. இவள் எழுதுவதற்காக, அந்தப் பெண் குரல் என்ன வார்த்தை சொல்கிறது என்று கேட்டு அப்படியே எழுதலாமே என்று, ஸ்கூல் வாசலில் இருக்கிற காயின் போனில் இருந்து கூப்பிட்டிருக்கிறாள். என்னைச் சோதிப்பதற்கு இல்லை, மகளே. நான் சொன்னதை அப்படியே நம்பி, அந்தக் குரலைக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். மணி அடித்திருக்கிறது. தம்பானூரில் ஒரு ஹோட்டல். எடுத்தவர்கள் தமிழில் பேசியிருக்கிறார்கள், உலகம்மை இங்கே பரோட்டா போடுகிற தளவாயின் பெண்சாதிதான், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நீ ரத்தம் கொடுக்கிறாயா மோளே, உனக்கு என்ன வயசு என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்போதாவது நான் எழுந்து ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்தப் பெண்ணை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது. ஹோட்டல் நம்பரை எதற்கு ஆஸ்பத்திரி விஷயத்துக்குக் கொடுக்கவேண்டும், ரத்தம் விற்கிற கூட்டமாக இருக்கும் என்று யோசித்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வகுப்புக்குப் போ, யாரிடமும் சொல்லாதே என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியும். சாயங்காலம் தம்பானூர் வழியாகப் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன், ஆனால் இறங்கவில்லை, மழை கொட்டுகிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உலகம்மைக்கு உதிரப்போக்கு அதிகமாகி, ஸ்ட்ரெச்சரில் தியேட்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதை மறுநாள் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஹோட்டல் கல்லாவில் செல்லபாய் என்று ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும், முதலாளிக்கு உறவு, போன் அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ரத்தம் கொடுக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, இனி வேண்டாம் ஸார், எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபோது, செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் சொன்னார், உயிர் பிழைத்துக்கொண்டாள் என்று. மூன்றாவதாக ஒரு பையன் வருவதாக இருந்ததாம், ஸ்ரீஜித் என்று பெயர், பட்டம் ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிறான், 9ஆம் தேதி அவனாகவே போன் செய்து திங்கட்கிழமை வருகிறேன் என்றானாம். திங்கட்கிழமை வரவில்லை. செல்லபாய் திரும்பக் கூப்பிட்டால், இது தட்டிப்பு, மோசடி என்று மஸ்கட்டிலிருந்து அக்கா எழுதிவிட்டாள், ஒரு ஸார் விசாரித்தாயிற்று, இனிக் கூப்பிட்டால் போலீஸில் சொல்வேன் என்றானாம். "ஏதோ ஒரு ஸாராம். எந்த ஸாரு இங்க வந்து விசாரிச்சாருன்னு எனக்குத் தெரியல்ல" என்று செல்லபாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஸ்ரீஜித் யார் என்று உனக்குத் தெரியும். உன் ரூமில் இருக்கிற பெண்ணின் தம்பி.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தளவாய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரன், முப்பது வயது இருக்கும், கையெல்லாம் எண்ணெய்ச் சூடு பட்ட தழும்பு. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனதாம். கட்டியை மட்டும் எடுப்பதாகத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள், ஆனால் ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, லிபி. மூன்றாவது ஆள் திங்கட்கிழமை கொடுத்திருந்தால் செவ்வாய் காலையிலேயே முடித்திருப்பார்களாம். அப்படி முடித்திருந்தால் கர்ப்பப்பை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் தளவாய் கேட்டிருக்கிறான். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாராம். நீ இந்த வேலையில் இருக்கிறவள், நீ என்ன சொல்வாயோ தெரியாது. எனக்கு நல்லதாகத் தோன்றுகிற மாதிரி ஏதாவது எழுதி அனுப்பாதே, அது மட்டும் வேண்டாம்.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஸார் நான்தான், நான் விசாரிக்கவே இல்லை என்று சொன்னேன். அவன் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுதிய, ஸார்? சொல்லிட்டுப் போனா ஒங்களுக்கு ஒறக்கம் வரும். எனக்கு?" என்றான். பிறகு உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்தவன் என்னைத் தாண்டி மருந்து வாங்கப் போனான், நானும் கூடவே போய், வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பிலும் சொன்னேன். ஜெயஷீலாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தாமல், அவள் இடத்திலேயே உட்காரவைத்து, நான் போன வெள்ளிக்கிழமை உங்களிடம் சொன்னது பொய், நான் கூப்பிடவில்லை, இவள்தான் கூப்பிட்டாள் என்று சொன்னேன். சில பிள்ளைகள் என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டார்கள். பின்பெஞ்சில் பிரவின்ராஜ் எழுந்து, அப்படியானால் கம்ப்யூட்டர் கம்பெனி பணம் கொடுப்பதும் உண்மையா ஸார் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயஷீலா எழுந்துவிட்டாள். அவள் செல்லபாயிடம் மறுபடி பேசியிருக்கிறாள். ஹோட்டல் மாடியில் தங்கியிருந்த ஒரு மெடிக்கல் ரெப்தான் முதலில் கஃபேயில் உட்கார்ந்து இதை அடித்துக் கொடுத்தானாம், மொத்தம் ஐந்தே வரி. உலகம்மைக்கு வீட்டில் போன் இல்லை, அதனால் ஹோட்டல் நம்பர். மீதிப் பதினோரு வரியும் போகிற வழியில் ஒவ்வொருவராக ஒட்டிவிட்டது. பிள்ளைகள் அந்தப் பிரின்ட் அவுட்டை வாங்கி, முதல் ஐந்து வரியை ஒரு பக்கமாகவும், ஒட்டிய வரிகளைச் சிவப்பு மையில் கோடு போட்டும் பிரித்தார்கள். நான் பொய் என்று காட்டிய அடையாளம் அத்தனையும் சிவப்புக்குள் வந்துவிட்டது, இரண்டைத் தவிர, ஆஸ்பத்திரி பெயரில் இருந்த எழுத்துப் பிழையும் அந்த மாதம் போடாத தேதியும். இரண்டும் அவசரத்தில் நேர்ந்தவை. பிரவின்ராஜ் அத்தோடு விடவில்லை, உன் மன்னிப்பு மெயிலையும் கேட்டு வாங்கினான். அதில் என் அப்பா நேரில் விசாரித்தார் என்கிற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டான். நான் தடுக்கவில்லை.

இத்தனையும் முடிந்துவிட்டது என்றால் இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு நீட்டமாட்டேன். முடியவில்லை. என் இரண்டு வரி மெயிலைப் பார்த்துவிட்டு நீ எல்லோருக்கும் மறுபடி எழுதினாய், அந்தக் கேஸ் உண்மைதானாம், என் அப்பா கூப்பிட்டபோது லைன் பழுதாக இருந்திருக்கிறது என்று. உன் அப்பா பொய் சொல்லியிருப்பான் என்று உனக்குத் தோன்றவில்லை, அதனால் நீயாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். ஆனால் ஸ்ரீஜித் 9ஆம் தேதி அதே நம்பரில் பேசியவன். போன வியாழக்கிழமை நான் அவனைக் கூப்பிட்டேன். லைன் நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியும், இப்போது பழுது என்று உங்கள் மகள் எழுதுகிறாள், நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்ன செய்கிறீர்கள் அங்கிள் என்று மலையாளத்தில் கேட்டான். உண்மையைச் சொன்னேன். இதுவும் ஒரு கதையாக இருக்கலாம் அல்லவா என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் என் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்கிறான்.

உன் முதல் மறுப்பு மெயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஹோட்டல் நம்பர் இருக்கிறது. தினமும் எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டுச் செல்லபாயைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்கிறார்களாம், ரத்தம் விற்கிறாயா என்று. முதலாளி பயந்துபோய், இந்தப் போன் நிற்கிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று தளவாயிடம் சொல்லிவிட்டார். நேற்று நான் போய் அவரைப் பார்த்தேன். ஸார் சொல்வது சரிதான், ஆனால் மெயிலை யார் அனுப்பினார்களோ அவர்கள்தானே நிறுத்தவேண்டும் என்றார்.

அதனால் நீ இன்னொரு தடவை எழுதவேண்டும், மக்கா. இங்கிலீஷில் உனக்கு வருகிற மாதிரி எழுதிக்கொள், ஆனால் விஷயம் இவ்வளவுதான், ஒரு வரி கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். அந்த மெயிலில் ரத்தம் கேட்ட பெண் உண்மையான பெண். அவளுக்கு ஆப்பரேஷன் ஆகிவிட்டது, இனி ரத்தம் தேவையில்லை. ஹோட்டல் நம்பர் மோசடி நம்பர் இல்லை, தயவுசெய்து அங்கே கூப்பிடவேண்டாம். லைன் பழுதாக இருக்கவில்லை. விசாரித்ததாகச் சொன்னவர் விசாரிக்கவில்லை. இதில் என் அப்பா என்று மட்டும் போடாதே. தாசையன், ஆசிரியர், கரமனை, திருவனந்தபுரம் என்று முழுப் பெயரும் போட்டு, நம் வீட்டு நம்பரையும் போடு, யாருக்காவது கேட்கவேண்டும் என்றால் இங்கே கேட்கட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரியும். உன் ரூமில் இருக்கிற பெண் முகத்தில் நீ எப்படி விழிப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை, இன்று ஆலயத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் உலகம்மையைப் பார்த்துவிட்டு வந்தாள், என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்றால் கிடைக்காது என்று நேராக எழுது, அம்மா மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டாள். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கையால் தொட்டுப் பார்க்கிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கிடைக்கட்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே மெயிலை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்பு, பிரின்ட் எடுத்து முதலாளியிடம் கொடுக்கவேண்டும், தளவாய் அடுத்த வாரம் வேலைக்குப் போகவேண்டும்.

உன் அப்பா,
தாசையன்